சிஸ்டம் அக்காவின் ‘சரி’

காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் நான் வேலை பார்த்த ஸ்பிரிங் கம்பெனியில் ஒரு அக்கா இருந்தார். பெயர் வேண்டாம். எங்கேயாவது இருந்து இதைப் படித்துவிட்டு, “என்னப் பத்தி எழுதினியாமே, எழுதுடி, எழுது” என்பார். அதற்கு எழுது என்று அர்த்தமா, எழுதாதே என்று அர்த்தமா என்று நான் மறுபடியும் மண்டையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும். கம்பெனியில் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டவர் என்பதால் எங்களுக்கெல்லாம் அவர் சிஸ்டம் அக்கா.

அவர் வாயிலிருந்து ‘முடியாது’, ‘மாட்டேன்’, ‘இல்லை’ என்ற வார்த்தைகள் வந்து நான் கேட்டதே இல்லை. யார் என்ன கேட்டாலும் “சரி”. அதிகம் போனால் “சரி, ஆவட்டும்.” உடனே ரொம்ப நல்ல மனுஷி போலிருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன். நல்ல மனுஷி இல்லை என்றும் சொல்ல வரவில்லை. என்னவென்றே தெரியவில்லை, அதுதான் தொல்லை.

அக்காவிடம் ஒரு பழைய மொபெட் உண்டு. திருவள்ளூர் பெரியகுப்பத்திலிருந்து அதில்தான் வருவார். ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பேக்கிங்கில் இருந்த ஓர் ஆள் வந்து, “யக்கா, வண்டி குடேன், டவுனு வரிக்கும் போய்ட்டு வந்துடறேன்” என்றார்.

“எடுத்துக்கினு போ. இதுக்கு இன்னா கேள்வி?” என்று அக்கா சாவியை எடுத்துக் கொடுத்தார்.

அந்த ஆள் வண்டியை ஸ்டாண்டு போட்டுப் பெடலை மிதித்தார். மிதித்தார், மிதித்தார், சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும்வரை மிதித்தார். வண்டி இருமக்கூட இல்லை. அக்கா மோர்சோற்றைப் பிசைந்துகொண்டே, “நல்லா மிதிப்பா, கோச்சிக்கினு கீது போல” என்று உற்சாகப்படுத்தினார். கடைசியில் அந்த ஆள் வண்டியை நாலு திட்டுத் திட்டி, சாவியைக் கொடுத்துவிட்டு ஷேர் ஆட்டோவுக்கு ஓடினார்.

சாயங்காலம் அக்கா டேங்குக்குக் கீழே கைவிட்டு எதையோ ஒரு திருகு திருகினார். ஒரே மிதியில் வண்டி கிளம்பியது. என்னைப் புட்லூர் ஸ்டேஷனில் இறக்கிவிட்டுப் போவது அவர் வழக்கம். நான் பின்னால் உட்கார்ந்தபடி கேட்டேன்.

“பெட்ரோல அடைச்சி வச்சிருந்தீங்களா? தரமாட்டேன்னு வாயால சொல்லிட்டுப் போலாமேக்கா?”

“ச்சே, கேக்கறவன்கிட்ட எப்டிடி இல்லன்றது? அவன் மனசு இன்னா ஆவும்?”

“இப்ப மட்டும்?”

“இப்ப வண்டியத்தானே திட்டிக்கினு போறான். என்னைய திட்டினானா?”

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்த பிறகுதான் லேசாக பயமும் வந்தது. நான் இதுவரை இவரிடம் என்னென்ன கேட்டிருக்கிறேன், எதற்கெல்லாம் சரி சொல்லியிருக்கிறார் என்று ஸ்டேஷன் வரும்வரை யோசித்துக்கொண்டு வந்தேன்.

அவர் சொல்லும் ‘சரி’யை எல்லாம் ‘இல்லை’ என்று எடுத்துக்கொள்ளலாம் என்றால் அதுவும் ஒரு நிம்மதிதான். அதற்கும் வழி வைக்கவில்லை. அந்த வருஷம் நான் அஞ்சல் வழியில் டிகிரி பரீட்சை எழுத வேண்டியிருந்தது. பரீட்சை வாரம் முழுக்க என் இடத்தில் யாராவது நின்றால்தான் லீவு கிடைக்கும். அக்காவிடம் கேட்டேன். “சரி, போய் எழுதிட்டு வா, நான் நின்னுக்கறேன்” என்றார். மொபெட்டைக் கொடுத்தபோது இருந்த அதே முகம், அதே குரல். போச்சு, திரும்பி வரும்போது வேலை இருக்காது என்று முடிவுசெய்துகொண்டுதான் பரீட்சை ஹாலில் உட்கார்ந்தேன். பாதிக் கேள்விகள் கண்ணிலேயே படவில்லை. வாரம் முடிந்து வந்து பார்த்தால், காய்ச்சலோடு தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு அக்கா என் மெஷினில் நின்றிருக்கிறார், ஒருநாள்கூடத் தவறாமல். “சொன்னேன்ல?” என்றார். சொன்னார்தான். எல்லாவற்றுக்கும்தான் சொன்னார்.

அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. வயது நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஆர்.கே.பேட்டையில் இருந்த அவருடைய தங்கை மாப்பிள்ளை பார்த்துக்கொண்டே இருப்பாராம், அக்காவும் எல்லா மாப்பிள்ளைக்கும் சரி சொல்லிக்கொண்டே இருப்பாராம். சுருள் போடும் மெஷினுக்கு அளவு பொருத்தி ஓட்டும் செட்டராக இருந்த அண்ணன் பெரியகுப்பத்துக்காரர், அக்கா வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருப்பவர். அவர் ஒரு கதை சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் விட்டதும் மாப்பிள்ளை வீட்டார் வேன் வைத்துக்கொண்டு வந்து இறங்கியிருக்கிறார்கள். கதவு பூட்டியிருக்கிறது. அக்கா உள்ளே இருக்கிறார். சாவி தொலைந்துவிட்டதாம். ஜன்னல் கம்பி வழியாகவே எல்லோரையும் வாங்க வாங்க என்று வரவேற்று, நலம் விசாரித்து, டம்ளர் டம்ளராகக் காப்பியும் நீட்டியிருக்கிறார். மாப்பிள்ளையின் அம்மா வெயிலில் நின்று அந்தக் காப்பியைக் குடித்துவிட்டுப் போனவர்தான்.

“நிஜமாக்கா?” என்று நானே அவரிடம் கேட்டேன்.

“ஆமாண்டி” என்றார்.

அவரிடம் போய்க் கேட்டது என் புத்தி. வேறு என்ன சொல்லப்போகிறார்?

இனி கம்ப்யூட்டருக்கு வருகிறேன். எங்கள் கம்பெனியில் ஸ்பிரிங்கை அமுக்கிப் பார்க்கும் டெஸ்டிங் மெஷின் ஒன்று உண்டு. அதுதான் என் இடம். இவ்வளவு உயரத்துக்கு அமுக்கினால் இவ்வளவு கிலோ தாங்க வேண்டும் என்று ஒரு லிமிட் கொடுத்திருப்பார்கள். தாங்கினால் கம்ப்யூட்டர் திரையில் பச்சை, தாங்காவிட்டால் சிவப்பு. ஒரு லாட், அதாவது ஒரு ஆர்டருக்கான சரக்கு, முடிந்ததும் அதுவே பிரிண்ட் எடுத்துத் தரும், கீழே பரிசோதித்தவர் என்று என் பெயரோடு. கையால் எழுதின ரிப்போர்ட்டை எந்தக் கம்பெனியும் வாங்காது. மெஷின் துப்பின காகிதம்தான் வேண்டும்.

அந்தக் கம்ப்யூட்டரில் இரண்டு குடித்தனம். லைசென்ஸ் இல்லாத விண்டோஸைப் பிடிக்க எஸ்டேட்டுக்கு ரெய்டு வருகிறார்கள் என்று ஒரு புரளி கிளம்பியபோது, எங்கள் ஓனர் பயந்துபோய் சென்னையிலிருந்து ஓர் ஆளைக் கூப்பிட்டு லினக்ஸ் போடச் சொன்னார். ஆனால் டெஸ்டிங் மெஷினுக்கு உண்டான சாஃப்ட்வேர் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். அதனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார் அவர். ஸ்விட்சைப் போட்டதும் கறுப்புத் திரையில் இரண்டு வரி வரும். மேலே லினக்ஸ், கீழே விண்டோஸ். கடிதம் கிடிதம் அடிப்பதென்றால் மேல் வரி, ஸ்பிரிங் பார்ப்பதென்றால் கீழ் வரி. அந்தக் கறுப்புத் திரைக்கு பூட் லோடர் என்று பெயர். வாசலில் நிற்கும் வாட்ச்மேன் மாதிரி, யாரை எந்தப் பக்கம் விடுவது என்று அதுதான் முடிவு செய்யும். அந்த வாட்ச்மேனுக்கு எப்படி உத்தரவு போடுவது என்று சென்னைக்காரரிடம் அக்கா கற்றுக்கொண்டார். லினக்ஸுக்குள் போய் ஒரு ஃபைலில் ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும், கீழ் வரிக்குப் பூட்டு விழுந்துவிடும். பாஸ்வேர்டு போடாமல் விண்டோஸுக்குள் காலே வைக்க முடியாது.

அந்த வித்தையை அவர் எதற்குப் பயன்படுத்தினார் தெரியுமா? ஆயுத பூஜைக்கு. எங்கள் ஓனருக்கு ஒரு கெட்ட பழக்கம். பூஜை முடிந்து, மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, வாசலில் பூசணிக்காய் உடைத்த பிறகும், “சும்மா ஒரே ஒரு லாட்டுமா, பாத்துட்டு நிறுத்திடலாம்” என்று ஆரம்பிப்பார். பூஜை போட்ட மெஷினை விஜயதசமி காலையில் நல்ல நேரம் பார்த்துத்தான் ஓட்ட வேண்டும், அதற்குள் தொடக்கூடாது. ஆட்கள் முணுமுணுப்பார்கள். எதிரில் நின்று சொல்ல யாருக்கும் வாய் வராது. அக்காவுக்கோ எப்போதுமே வராது. அதனால் சந்தனம் வைத்த கையோடு பூட்டையும் போட்டுவிடுவார். ஓனர் வந்து உட்கார்ந்தால் கீழ் வரி திறக்காது. “இன்னாமா இது?” என்பார். “தெர்லயே சார், நாளைக்கு நல்ல நேரத்துல போட்டா ஓடும் பாருங்க” என்பார் அக்கா. மறுநாள் அவரே பாஸ்வேர்டு போட்டு உள்ளே போய்க் காட்டுவார், பிறகு லினக்ஸ் பக்கம் போய் அந்த வரியையும் அழித்துவிடுவார். ஒரு வருஷம் பொரி என்பது பாஸ்வேர்டு, இன்னொரு வருஷம் பூசணி. பூஜைத் தட்டில் அன்றைக்கு எது கண்ணில் பட்டதோ அது.

ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர் ஆயுத பூஜைக்கு ஏன் இவ்வளவு மல்லுக்கட்டுகிறார் என்று எனக்கு ஆச்சரியம். கேட்டதற்கு, “எங்க ஆண்டவரே ஆறு நாள் வேல செஞ்சிட்டு ஒரு நாள் உக்காந்தாருடி. வருஷத்துல ஒரு நாள், பாவம் மெஷினு உக்காந்தா இன்னா?” என்றார். இதையாவது நம்பலாம் என்று வைத்துக்கொண்டேன்.

நான் சொல்ல வந்தது அதற்கடுத்து வந்த ஆயுத பூஜையைப் பற்றி. பூஜை அன்று காலையில் ஓனர் எங்கள் இரண்டு பேரையும் ரூமுக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். கும்மிடிப்பூண்டியில் ஒரு பிரேக் கம்பெனிக்குப் போக வேண்டிய ஸ்பிரிங், மூட்டை மூட்டையாகத் தயாராக இருந்தது. கம்பி வாங்கின இடத்தில் ஏமாற்றிவிட்டார்கள். கம்பி மெத்து, அமுக்கினால் அப்படியே படுத்துக்கொள்ளும். முந்தின நாள் நான் எடுத்துப் பார்த்ததில் பாதிக்குமேல் சிவப்பு.

“லிமிட்ட கொஞ்சமா எறக்கிடும்மா, அவ்ளோதான். எல்லாம் பச்சையா வந்துடும்” என்று ஓனர் அக்காவிடம் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார். “நீ வழக்கம்போல ஓட்டி பிரிண்ட் எடுத்துடு. விஜயதசமியன்னிக்கி மத்தியானம் லாரி வருது.”

அவர் அப்படியொன்றும் கொடுமைக்காரர் இல்லை. கண்ணெல்லாம் சிவந்து, தூங்காத முகமாகத்தான் இருந்தார். ஆனால் அது சரக்கு ஆட்டோவின் பிரேக்குக்குப் போகும் ஸ்பிரிங். காகிதத்தில் கீழே இருக்கப்போவது என் பெயர். மாட்டேன் என்றால் வேலை போகும். அப்பாவுக்கு ஆலையில் வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருந்த காலம் அது. சரி என்றால் எங்கேயோ ஒரு சரிவில் எவனோ ஒருவன் பிரேக்கை மிதிப்பான், அது என் பெயரின் மேல் மிதிப்பது மாதிரி.

அக்காதான் பதில் சொன்னார். “சரி சார். பூஜ முடிஞ்சி மொத வேலையா செஞ்சிடலாம்.”

அன்று சாயங்காலம் பூஜை ஆயிற்று. அக்கா வழக்கம்போல மானிட்டருக்குப் பொட்டு வைத்தார், வழக்கம்போலப் பூட்டும் போட்டார், வழக்கம்போலப் பொரி வாங்கிக் கொறித்தார். மொபெட்டில் போகும்போது என்னால் தாங்க முடியவில்லை.

“அக்கா, லிமிட்ட எறக்கப் போறீங்களா?”

“சார் சொன்னாரே.”

“தப்பில்லையாக்கா அது?”

“தப்புதான்.”

“அப்ப செய்யமாட்டீங்கல்ல?”

“செய்யணும்ல?”

“எம்பேருக்கா அதுல வர்றது.”

“ஆமாண்டி, உம்பேருதான்” என்றார். ஸ்டேஷன் வந்துவிட்டது. இறங்கினேன். வேப்பம்பட்டில் எங்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தும் எனக்கு அதே யோசனைதான்.

விஜயதசமி காலையில் எல்லோரும் குளித்து, பளிச்சென்று வந்திருந்தோம். ஓனர் கற்பூரம் காட்டினார். செட்டர் அண்ணன் சுருள் மெஷினை ஒரு சுற்று ஓட்டிக் காட்டினார். அடுத்தது கம்ப்யூட்டர். கறுப்புத் திரை வந்தது. அக்கா கீழ் வரிக்கு இறங்கினார். பாஸ்வேர்டு கேட்டது. போட்டார். தப்பு என்றது. மறுபடியும் போட்டார். தப்பு.

“இன்னாமா?”

“தோ சார்… இன்னாவோ போட்டேன், வர்லயே.”

எங்களுக்கு அது முதலில் விளையாட்டாகத்தான் இருந்தது. “பொரி போடுக்கா” என்றார் ஒருவர். போட்டார். தப்பு. “கடலை போடு.” தப்பு. “அவலு!” “பூசணிக்கா!” “எலுமிச்ச!” பூஜைச் சாமான் கடைக்குள் நுழைந்துவிட்ட மாதிரி ஆளாளுக்குக் கத்தினார்கள். அக்கா ஒன்றைக்கூடத் தட்டவில்லை, யார் எது சொன்னாலும் “சரி, போட்டுப் பாக்கறேன்” என்று போட்டார். யாரோ பின்னாலிருந்து “யேசு போடு” என்றார்கள். “போட்டுட்டேம்பா” என்றார். நான் அவர் தோளை ஒட்டித்தான் நின்றேன். நிஜமாகவே அவர்கள் சொன்னதைத்தான் அடிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. விரல் அவ்வளவு வேகம், திரையில் எழுத்து தெரியாது, வெறும் நட்சத்திரம்தான்.

நல்ல நேரம் முடிந்தது. ஓனர் முகம் கறுத்தது. “வெளாடாதம்மா, லாரி வந்துக்கினு கீது” என்றார். அக்காவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் வந்தது. நடிப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஜன்னல் வழியாகக் காப்பி நீட்டியவர் ஆயிற்றே என்று நினைக்காமலும் இருக்க முடியவில்லை. இரண்டையும் ஒரே சமயத்தில் நினைத்துக்கொண்டு நின்றேன். மனசுக்குள் ஒரு மூலையில், ஆண்டவனே திறக்கக்கூடாது என்றும் வேண்டிக்கொண்டிருந்தேன். அது எந்த ஆண்டவன் என்றும் கவனிக்கவில்லை.

லாரி வந்தது. பிரிண்ட் இல்லாமல் சரக்கை ஏற்ற முடியாது. லாரி சும்மா திரும்பியது. சென்னைக்காரருக்கு ஓனர் தன் செல்போனில் போட்டுப் போட்டுப் பார்த்தார். பூஜை லீவுக்குச் சொந்த ஊர் போயிருந்தார் அவர், போன் போகவே இல்லை. கும்மிடிப்பூண்டிக்காரர்கள் வேறு போனில் கத்த ஆரம்பித்தார்கள். வேறு வழியில்லாமல் ஓனர் தெரிந்த கம்பெனியிடம் கெஞ்சி நல்ல கம்பி கடனாக வாங்கி வந்தார். செட்டர் அண்ணன் மெஷினை விட்டு நகராமல் புதிதாகச் சுருள் போட்டார். நாங்களெல்லோரும் மூட்டை பிடித்தோம். அக்காவும் பிடித்தார்.

புது லாட் தயாரான பிறகுதான் சென்னைக்காரர் வந்து சேர்ந்தார். அவருக்கு டீ வந்தது. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே ஸ்விட்சைப் போட்டு, மேல் வரியைத் தட்டி லினக்ஸுக்குள் போனார். “அட்மின் பாஸ்வேர்டு இன்னா மேடம்?” என்று கேட்டார். அக்கா டக்கென்று சொன்னார். அவர் ஏதோ ஒரு ஃபைலைத் திறந்தார், ஒரு வரியை அழித்தார், மறுபடியும் ஆன் செய்தார். விண்டோஸ் வந்துவிட்டது. டீயில் நுரைகூட அடங்கவில்லை.

“இவ்ளோதானா?” என்றார் ஓனர்.

“அவ்ளோதான் சார். லினக்ஸ்தான் ஓப்பன் ஆவுதே. உள்ள போய் அந்த லைன அழிச்சிருந்தா முடிஞ்சிருக்கும். மேடம்தானே வருஷா வருஷம் அழிக்கிறாங்க?”

ஓனர் அக்கா பக்கம் திரும்பினார்.

“அது இன்னா பாஸ்வேர்டுன்னு இதுல தெரியுமா?” என்று சென்னைக்காரரிடம் கேட்டார், கண்ணை அக்காவிடமிருந்து எடுக்காமல்.

“தெரியாது சார். அது வேற மாதிரி எழுத்தா மாத்தி வச்சிக்கும். அழிக்கலாம், படிக்க முடியாது.”

“எப்ப போட்ட பூட்டு?”

“பூஜ அன்னிக்கி சாயங்காலம் சார், அழிக்கறதுக்கு முன்னாடி பாத்தேன்.”

வருஷா வருஷம் போடும் அதே நேரம். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஓனர் அக்காவின் முன்னால் வந்து நின்றார்.

“மறந்துதான் போச்சா உனக்கு?”

“ஆமா சார்.”

“வேணும்னேதானே செஞ்ச?”

“ஆமா சார்.”

“ரெண்டுல எதும்மா?” என்று கத்தினார். எனக்கு ஓனரைப் பார்க்கத்தான் பாவமாக இருந்தது. அக்கா தலையைக் குனிந்துகொண்டார். கிண்டல் முகமே இல்லை. கேட்டவர் மனசு நோகக்கூடாது என்று நினைக்கும் முகம்தான்.

“நாளையிலேர்ந்து நீ வேலைக்கு வராத” என்றார் ஓனர்.

“சரி சார்” என்றார் அக்கா.

புது லாட்டை நான் டெஸ்டில் ஓட்டினேன். ஒன்று விடாமல் பச்சை. பிரிண்டில் என் பெயர் வந்தது. அதைக் கிழித்து நேராக ஓனர் கையில் கொடுத்தேன். மெத்து ஸ்பிரிங் மூட்டைகள் பழைய இரும்புக் கடைக்குப் போயின. லிமிட்டை இறக்குவது பற்றி யாரும் அப்புறம் பேச்சே எடுக்கவில்லை.

சாயங்காலம் அக்கா எப்போதும்போல வண்டியை எடுத்து, எப்போதும்போல என்னை உட்காரச் சொன்னார். இந்த முறை கேட்டே விடுவது என்று ஏறினேன். புட்லூர் ரயில்வே கேட் மூடியிருந்தது. ஏதோ கூட்ஸ் வண்டி நகர்ந்து முடிக்காமல் நகர்ந்துகொண்டிருந்தது.

“அக்கா, எம்பேரு வரக்கூடாதுன்னுதானே செஞ்சீங்க? எனக்காகத்தானே?”

அவர் திரும்பிப் பார்த்தார். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். “ஆமாண்டி” என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. இவ்வளவு நாளில் என்னிடம் யாரும் அப்படி ஒன்றைச் செய்ததில்லை. அதே மூச்சில் வேறொன்றும் தோன்றியது. நான் எந்தப் பதிலுக்கு ஏங்கிக் கேட்டேனோ, அதைத்தானே இவர் கொடுத்திருக்கிறார்? மறந்துபோச்சாக்கா என்று கேட்டிருந்தாலும் இதே ‘ஆமாண்டி’தானே வந்திருக்கும்? ஆளாளுக்கு நின்று பூசணிக்காய் பூசணிக்காய் என்று கத்தும்போது யாருக்குத்தான் எது ஞாபகம் வரும்? பின்னால் ஒருவர் நின்றால் எனக்கே என் ஏ.டி.எம். நம்பர் வருவதில்லை.

கேட் திறந்தது. ஸ்டேஷன் வாசலில் இறங்கி, வண்டிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். “நாளைக்கு வந்துடுவீங்கல்ல? அவரு ஏதோ கோவத்துல சொல்லிட்டாரு.”

“வரேன்டி” என்றார். “நேரத்தோட ஊட்டுக்குப் போய்ச் சேரு.”

மறுநாள் கம்பெனியில் யாருக்கும் கவலையே இல்லை. அக்கா சரி என்று சொன்னால் அந்தக் காரியம் நடக்காது என்பதுதான் அங்கே எல்லோருடைய கணக்கும். “வராதன்னாரு ஓனரு, சரின்னுச்சில்ல? அப்பவே எனக்குத் தெரிஞ்சிபோச்சி, தோ வந்துடும் பாரு” என்றார் செட்டர் அண்ணன். ஓனர்கூட அதைத்தான் நம்பினார் போல. என்றைக்கும் சாத்திவைக்கும் ரூம் கதவைத் திறந்தே போட்டுவிட்டு, கேட் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டீ வந்தபோது, “அதுக்கும் ஒண்ணு ஊத்தி வையி” என்றார். ஊற்றி வைத்த டீ ஆறி ஏடு கட்டிக்கொண்டது.

அக்கா வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. ஓனர் செட்டர் அண்ணனிடம், போய்க் கூட்டிக்கொண்டு வா, நான் சொன்னதை மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல் என்று அனுப்பினார். அண்ணன் போய்ப் பார்த்திருக்கிறார். மூட்டை கட்டிக்கொண்டிருந்தாராம், ஆர்.கே.பேட்டைக்கு, தங்கை வீட்டுக்கு. “சரி, வரேன்னு சொல்லுங்கண்ணே” என்றாராம்.

நான் பிறகு எத்தனையோ கம்பெனி மாறிவிட்டேன். கம்ப்யூட்டரும் எவ்வளவோ கற்றுக்கொண்டுவிட்டேன். அந்தப் பூட்டை இன்று எனக்கே போடத் தெரியும், எடுக்கவும் தெரியும். அக்கா வேண்டுமென்றே செய்தாரா, மறந்துதான் போனாரா என்பது மட்டும் தெரியாது. ஓனர் வராதே என்றார், சரி என்றார். நான் வருவீங்களா என்றேன், வரேன் என்றார். இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும். விரட்டிவிட்டவருக்குக் கொடுத்த வார்த்தையைக் காப்பாற்றிவிட்டு, எனக்குக் கொடுத்ததை விட்டுவிட்டார். அப்படியானால் கேட் மூடியிருந்த நேரத்தில் எனக்காகத்தான் என்று சொன்னாரே, அதை நான் எந்தக் கணக்கில் வைப்பது? கோபம் வருகிறது. கோபத்தோடு கூடவே, அவரைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் வருகிறது. அன்று ஸ்டேஷன் வாசலில் ஒரே ஒரு தடவை, “இல்லடி, வரமாட்டேன்” என்று சொல்லியிருந்தால் போதும். மற்றதை எல்லாம் நான் நம்பியிருப்பேன்.